மணிக்கட்டில் மின்னும் பச்சை ஒளி

பினாங்குப் பாலத்தில் நடைபெறும் அனைத்துலக நெட்டோட்டம், பாயான் லெப்பாஸின் குவின்ஸ்பே பகுதியில் நள்ளிரவு கடந்தபின் தொடங்குவது வழக்கம். வெயிலுக்கு அஞ்சியே இந்த ஏற்பாடு. ஆனால், இரவிலும் தீவின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாகாது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் குருதியை அனுப்ப வேண்டியிருப்பதால், வேகம் கூடாவிட்டாலும் இதயத்துடிப்பு கூடும்.

அத்துடிப்பை அறியப் பலர் திறன்கடிகாரம் அணிந்து ஓடுகின்றனர். அதன் அடிப்பகுதியில் மின்னும் பச்சை ஒளியைக் குருதி உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் குருதி பெருகுவதால், திரும்பிவரும் ஒளி சற்றே குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. எல்.இ.டி. எனப்படும் ஒளிச்சில்லுகள் பாயான் லெப்பாஸுக்குப் புதியவை அல்ல. 1972இல் தொடங்கப்பட்ட இவ்வட்டாரத் தொழிற்பேட்டையில் அவற்றைத் தயாரிக்கும் ஆலைகளும் உண்டு.

நுட்பமான கருவிதான், ஆயினும் தடுமாறும். கை வீசி ஓடும்போது தளர்வான கடிகாரம் தோலின்மீது அசையும். அவ்வசைவையே அது துடிப்பென எண்ணிவிடலாம். நிமிடத்திற்கு 170 காலடி வைப்பவரின் இதயம் 185 முறை துடித்தாலும், திரையில் 170 என்றே தோன்றக்கூடும். தலைசுற்றலும் குமட்டலும் வந்தபின்னும், எண் சரியாகத்தானே இருக்கிறது என்று அவர் தொடர்ந்து ஓடினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நழுவாதபடி கட்டினால் பிழை குறையும். ஐயம் எழுந்தால், நின்று கழுத்து நாடியில் இரு விரல்களை வைத்து, 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கலாம். தலைசுற்றுபவர் எதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்; உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவினரை அழைக்க வேண்டும்.