குலுக்கினால் சத்தம் வரக்கூடாது!

கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்தால் அதன் ருசியே தனி என்று என் மனைவியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். செல்போனில் ஆர்டர் போட்டாள். நாலாம் நாள் கூரியர் வந்தது.

பிரிக்கக் கத்தி, அப்புறம் கத்தரிக்கோல், கடைசியில் என் பல். பழுப்பு டேப்புக்குள் பெட்டி. பெட்டிக்குள் பிளாஸ்டிக் கவர். கவருக்குள், அமுக்கினால் 'பட் பட்' என்று வெடிக்குமே, அந்தக் குமிழ் பிளாஸ்டிக், ஏழு சுற்று. வெங்காயம் மாதிரி உரித்து, கண்ணில் தண்ணீர் வருகிற நேரத்தில் சட்டி வந்தது. இரண்டாக.

"எங்க காலத்துல கல்சட்டி வைக்கோல்ல சுத்தி மாட்டு வண்டியில வந்துது. ஒரு கீறல் இருக்காது" என்றாள் அம்மா.

"அத்தை சொல்றது சரிதாங்க" என்றாள் மனைவி. எங்கள் வீட்டு சரித்திரத்தில் இது பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய நாள். தொடர்ந்து வந்தது உத்தரவு: "அடுத்த வாரம் ஆபீஸ் வேலையா சேலம் போறீங்கல்ல? அப்படியே நாமக்கல் பக்கம் போய் ஒண்ணு கையோட வாங்கிட்டு வந்துடுங்க."

'அப்படியே' என்பது ஐம்பது கிலோமீட்டர் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மாறியிருக்காது.

சேலத்தில் வேலை மத்தியானமே முடிந்தது. ஒரு தட்டுவடை செட்டை நின்றபடியே உள்ளே தள்ளிவிட்டு நாமக்கல் பஸ்ஸில் ஏறினேன். மல்லூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. நம் ஊரில் மரவள்ளி என்போமே, அதுதான். இடையிடையே சேகோ ஃபேக்டரிகள். களத்தில் ஜவ்வரிசி காயப் போட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளையைப் பார்த்தால், வெயில் மட்டும் இல்லையென்றால், காஷ்மீருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாயசத்தில் போடுவதோடு இதன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இதே கிழங்கு மாவைக் காய்ச்சினால் அருமையான பசை. அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கே இந்த மாவு போகிறது.

பக்கத்து ஸீட்டில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். கேரளாவுக்குப் போகும் லோடு எல்லாம் அவர் கைபட்டுப் போவதுதானாம்.

"முட்டை உடையாதா சார்?" என்றேன்.

"அட்டைத் தட்டு இருக்குதுங்களே. ஒரு தட்டுக்கு முப்பது. முட்டையை முட்டை இடிக்கக்கூடாது, அவ்வளவுதானுங் சூட்சுமம்" என்றார்.

பழைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அச்சில் வார்த்து, காயவைத்தால் அந்தத் தட்டு. முட்டைக்கு அட்டையில் தனித்தனி அறை கட்டும் யோசனை 1911-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோசப் காயில் என்பவருக்கு வந்தது. அவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். பண்ணைக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் உடைந்த முட்டையால் வந்த சண்டையைப் பார்த்துவிட்டு, தலையங்கம் எழுதாமல் பெட்டி செய்தார்!

நாமக்கல்லில் இறங்கி, கோட்டை மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பதினெட்டடி ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டே ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பட்டறை என்றால் ஒரு கொட்டகை. தரை, சுவர், முருகன் காலண்டர் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. நடுவில் பெரியவர் ஒருவர் கல்லைக் கடைந்துகொண்டிருந்தார். அவர் புருவமும் வெள்ளை. வயசா, தூசியா என்று கேட்கவில்லை.

"வாங்க தம்பி. சட்டிங்களா, தோசைக்கல்லுங்களா?"

இந்த மாக்கல்லில் பெரும்பகுதி டால்க். முகத்துக்குப் போடுகிற பவுடரில் வருமே, அதே சரக்கு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10 என்றால் டால்க்குக்கு 1. நகத்தால் கீறினாலே கோடு விழும். அதனால்தான் கல்லைச் சட்டியாகக் கடைய முடிகிறது. சூட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும்; அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஓங்கி ஓர் இடி பட்டால் போச்சு. நாமக்கல் மாக்கல் பாத்திரங்களுக்கு 2025-ல் புவிசார் குறியீடு வந்தது. குறியீடு வந்தாலும் சட்டி கீழே விழுந்தால் உடையத்தான் உடையும்.

என் உடைந்த சட்டிக் கதையைச் சொன்னேன். பணம் திரும்ப வந்துவிட்டது என்பதையும் பெருமையாகச் சொன்னேன்.

பெரியவர் கடைசலை நிறுத்தினார். "உங்களுக்குக் காசு திரும்பி வந்துருச்சுங். அதைக் கடைஞ்சவனுக்கு அந்த நாள் திரும்பி வருங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. செல்போனில் 'ரிட்டர்ன்' என்று ஒரு பொத்தானை அமுக்கியதோடு என் கணக்கு தீர்ந்துவிட்டது. அந்தப் பணம் யார் பையிலிருந்து வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

மருமகள் விளக்கினார். வெளியூர் ஆர்டர், பார்சல் எல்லாம் அவர் பொறுப்பு. முன்பு ஒரு வியாபாரி மூலம் விற்றார்களாம். உடைந்து வந்தால் பட்டறைக் கணக்கில்தான் கழிப்பாராம். "பத்துக்கு ரெண்டு உடையுங்ணா. குமிழ் பிளாஸ்டிக்கை எத்தனை சுத்து சுத்தினாலும் உள்ளே சட்டி காலியா இருக்குது, பெட்டியில இடம் கிடக்குது. உருண்டு போய் மூடி சட்டியை இடிக்கும். அப்புறம்தான் மாமனாரோட பழைய முறைக்கே வந்தோம்."

முறையைச் செய்தே காட்டினார். நன்றாகக் காய்ந்த வைக்கோலைச் சட்டிக்குள் அழுத்தித் திணித்தார். மூடிக்குத் தனியாகப் பழுப்புக் காகிதம். சட்டியைச் சுற்றி வைக்கோல் புரி. பெட்டியின் அடியிலும் மேலும் முட்டைத் தட்டு. அதுவும் புதுத் தட்டு. முட்டை வைத்த பழைய தட்டில் கிருமி இருக்கலாம், சமையல் பாத்திரத்துக்கு ஆகாது. சட்டிக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே நாலு பக்கமும் இரண்டு விரல்கடை வைக்கோல். மேலே தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப், சணல் கயிறு. விலாசச் சீட்டை ஒட்ட, கிண்ணத்தில் கிழங்கு மாவுப் பசை!

பிறகு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார், எங்கள் ஊர் தேங்காய்க் கடைக்காரர் மாதிரி. "குலுக்கினா சத்தம் வரக்கூடாதுங்ணா. வந்தா பிரிச்சுத் திரும்பக் கட்டணும்."

யோசித்துப் பார்த்தால், எதுவும் தூரத்திலிருந்து வரவில்லை. வைக்கோல் பக்கத்து வயலில், கிழங்கு அடுத்த காட்டில், முட்டைத் தட்டு அடுத்த தெருவில். இதே மாவட்டத்துப் பள்ளிப்பாளையத்தில் சேஷசாயி ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நாம்தான் குமிழ் பிளாஸ்டிக்கைத் தேடிப் போனோம்.

"இது லாபமா?" என்றேன். ஆபீஸ் புத்தி.

"பிளாஸ்டிக்னா ரெண்டு நிமிஷம், இது கால் மணி. வைக்கோல்ல ஈரம் இருந்தா பூசணம் பூத்துரும். ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் வெச்சு அனுப்பவே கூடாதாம், பூச்சி வந்துரும்னு. அதுக்குக் காகிதத்தைக் கிழிச்சுப் போடணும். ஆனா உடையறது நின்னுச்சு. அதுதாங்ணா லாபம்."

"மழை வந்தால்?"

சிரித்தார். "அதுக்கு மட்டும் இன்னும் வழி தெரியலீங்ணா. ஐப்பசி கார்த்திகையில பெட்டிக்கு மேல ஒரே ஒரு பிளாஸ்டிக் கவர். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் தூக்கச் சொன்னார்கள். கடையில் நான் மஞ்சப்பையோடு யோக்கியமாகத்தான் நிற்கிறேன். வீட்டுக்கு வரும் பார்சலுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. 'பிளாஸ்டிக் இல்லாமல் கட்டுங்கள், ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை' என்று விற்கிறவரிடம் ஒரு வரி எழுத எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மேலே வைத்தேன். சேலத்தை நெருங்கும்போது டிரைவர் போட்ட பிரேக்கில் அது தொம்மென்று கீழே விழுந்தது. கண்டக்டர் திரும்பி, "என்ன சார், வெடிகுண்டா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பெட்டியைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கினேன்.

சத்தம் இல்லை.

ஆனாலும் சென்னை வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டில் மனைவி பிரித்தாள். கத்தி வேண்டியிருக்கவில்லை. சட்டி முழுசாக வந்தது. "நான் சொல்லலை?" என்று அம்மா, மனைவி இரண்டு பேருமே சொன்னார்கள். கஞ்சித் தண்ணி ஊற்றி, எண்ணெய் தடவி, சட்டியைப் பழக்க ஒரு வாரம் ஆயிற்று. வத்தக்குழம்பு? அந்தப் புண்ணியவானை இனி திட்டுவதில்லை.

வைக்கோலைக் கோயில் பசு தின்றுவிட்டது. காகிதம் பழைய பேப்பர்காரரிடம் போனது. முட்டைத் தட்டைத் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த முதல் பார்சலின் குமிழ் பிளாஸ்டிக் மட்டும் பரணில் இருக்கிறது. பையன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துத் தீர்த்துவிட்டான். குமிழ்தான் தீர்ந்தது. பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது.