சைக்கிள்கள் கீழே, நாங்கள் மேலே

அக்டோபர் 6, எடின்பரோ

வண்டி வந்துவிட்டது. வெள்ளை பெஜோ பாக்ஸர். பல வருடம் பார்சல் சுமந்த உடம்பு. கதவைத் திறந்தால் இன்னும் அட்டைப்பெட்டி வாசம். சரக்கு அறை 3.12 மீட்டர் நீளம், 1.93 மீட்டர் உயரம், 1.87 மீட்டர் அகலம், கொள்ளளவு 11.5 கன மீட்டர். இதே உடலை ஃபியட் டுகாட்டோ என்றும் சிட்ரோயன் ரிலே என்றும் விற்கிறார்கள். படுக்கை வண்டி கட்டுகிறவர்கள் இதைத் தேடி வாங்குவது அந்த அகலத்துக்காக. சுவர்களும் மேலே போகப்போக அதிகம் குறுகுவதில்லை.

எனக்கும் இவருக்கும் மலைச் சைக்கிள் பைத்தியம். குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வீட்டில் எழுந்து, கிளம்பி, மலையடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பகல் போய்விடுகிறது. முதல் நாள் இரவே அங்கே போய்ப் படுத்துவிட்டால் முழுப் பகலும் கைக்கு வரும். கணக்கு அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து அத்தை ஃபோனில் கேட்டார்: “வீடு இருக்கும்போது வண்டியில எதுக்கும்மா படுக்கணும்?” இவர் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு டேப் எடுக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 13

சைக்கிளை வண்டிக்கு வெளியே பின்பக்கம் தொங்கவிடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொங்கவிடலாம். சாலையில் தூவும் உப்பும் சேறும் ஒரே குளிர்காலத்தில் பேரிங்கைத் தின்றுவிடும். இரவில் யாரோ வந்து அறுத்துக்கொண்டு போவார்கள். சைக்கிள் உள்ளேதான் படுக்க வேண்டும்.

29 அங்குலச் சக்கர சைக்கிள் ஒன்று ஏறக்குறைய 1.9 மீட்டர் நீளம். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கைத் தரையில் ஒரு பிடிப்பானில் பூட்டினால் ஒன்றரை மீட்டருக்குள் அடங்குகிறது. ஹேண்டில்பாரும் கால் மீட்டர் போலக் கீழிறங்குகிறது. சீட்டையும் இறக்கிவிட்டால் மொத்த உயரம் 90 செ.மீ.க்குள். ஹேண்டில்பாரின் அகலம் 78 செ.மீ. சக்கர வளைவுகளுக்கு நடுவே தரை அகலம் 1.42 மீட்டர்தான். இரண்டும் ஒரே திசையைப் பார்த்து நின்றால் கொம்பும் கொம்பும் முட்டும். ஒன்று முன்னே பார்க்க, மற்றது பின்னே பார்க்க வேண்டும்.

ஆக, கட்டில் சைக்கிள்களின் தலைக்கு மேல். வண்டியின் பின்பகுதியில், அகலவாக்கில். சுவருக்கு ஃபோமும் பலகையும் அடித்தபின் குறுக்கே 1.80 மீட்டர் மிஞ்சும். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தச்சர் இருக்கிறார், ஆறடிக்கு மேல் இரண்டங்குலம். அளவைக் கேட்டதும் சிரித்தார். அவர் உயரக்காரர்கள் குறுக்கே படுக்க வேண்டுமானால் வண்டிச் சுவரை வெட்டி வெளியே புடைப்பு வைக்கவேண்டும். இவர் 1.70, நான் 1.58. குட்டையாகப் பிறந்ததற்கு முதல் தடவையாகப் பணம் மிச்சம்.

கட்டிலுக்கு மேலே 80 செ.மீ. இடம் இருக்கும். எனக்கே குனிந்துதான் உட்கார முடியும். இருக்கட்டும், அங்கே தூங்கத்தானே போகிறோம்.

அக்டோபர் 20

இவர் பலகைக் கடை விலைப்பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர்க் கணக்கோடு. என் கணக்குதான் முதலில் தீர வேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தேன்.

தகர வண்டியில் படுத்து நடுங்கியவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஈரத்தைத்தான் சொல்வார்கள். போர்வை நனைந்துவிட்டது, மெத்தையின் அடி பூத்துவிட்டது, விடியற்காலையில் முகத்தில் சொட்டியது. இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கினால் அடியில் முத்து முத்தாக நிற்குமே, அதுதான் தகரக் கூரை. நாம் உள்ளே வெந்துகொண்டிருக்கிறோம்.

தூங்கும் மனிதர் ஒருவரிடமிருந்து மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு 40 கிராம் நீர் வெளியேறுகிறது என்று வைத்தால், இரண்டு பேருக்கு 80. ஃபோமும் பலகையும் கட்டிலும் போக உள்ளே மிஞ்சும் பத்து கன மீட்டர் காற்று 18 டிகிரியில் ஏறக்குறைய 154 கிராம் நீராவியைத்தான் தாங்கும். வெளியிலிருந்து வரும்போதே அது 60 கிராமைக் கொண்டுவந்திருக்கும். அப்படியானால் அடைத்து மூடிய வண்டி ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினாலே நிரம்பிவிடுகிறது. மிச்ச இரவு முழுக்க விடும் மூச்செல்லாம் தகரத்தில்தான் போய்ப் படியும்.

அப்புறம் நாள் முழுக்க மழையில் ஓட்டிய சேற்றுச் சைக்கிள், நனைந்த சட்டை, நனைந்த காலணி. இவையும் இரவில் நம்மோடு சேர்ந்து மூச்சுவிடும்.

இதற்கு மருந்து வெளிக்காற்று, மழைக்காற்றானாலும். 4 டிகிரியில், இனி ஈரமே ஏறாது என்று நிற்கும் காற்றில்கூட கன மீட்டருக்கு 6.4 கிராம் நீராவிதான் உண்டு. அதை 18 டிகிரிக்குச் சூடாக்கினால் 15.4 கிராம் தாங்கும். உள்ளே வந்து சூடானதும் அது பாதிகூட நிரம்பாத காற்று. வண்டியிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மேலே வெளியேறும். குளிருக்குப் பயந்து துளைகளை அடைப்பவர்கள்தான் அதிகம் நடுங்குகிறார்கள்.

எனவே முதல் செலவு: கூரையில் விசிறியோடு ஒரு காற்றுவாய், தரையோரம் ஒன்று. நல்ல தகரத்தில் ஓட்டை போடுகிறோமே என்று இவர் புலம்பினார். போட்டாயிற்று, வெட்டிய விளிம்பு துருப்பிடிக்காமலிருக்கப் பெயின்டும் அடித்தாயிற்று.

நவம்பர் 2

சுவருக்கு எதை வைப்பது என்பதில் இங்கே இரண்டு மதங்கள். ஆட்டுரோமக் கட்சி சொல்வது: ரோமம் ஈரத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும், மூச்சுவிடும். ஃபோம் கட்சி சொல்வது: ஈரக்காற்று தகரத்தைத் தொடவே கூடாது. நான் இரண்டாம் கட்சி. கல் வீட்டுச் சுவருக்கு ரோமத்தின் நியாயம் பொருந்தும். தகரத்தின் வழியே எந்த ஈரமும் வெளியேறப் போவதில்லை, வாங்கிய ஈரத்தை அது உள்ளேதானே திருப்பித் தரவேண்டும்? கண்ணறைகள் மூடிய கறுப்பு ரப்பர் ஃபோம், 25 மி.மீ., பின்னால் பசையோடு வருவது. இடைவெளியில்லாமல் தகரத்தோடு ஒட்டவேண்டும். குளிர்ந்த தகரத்தில் பசை பிடிக்காது; மின்சூடேற்றி ஒன்றை உள்ளே ஓடவிட்டு ஒட்டினோம்.

பெரிய பரப்புகளை மூடுவது சுலபம். உயிரை வாங்குவது விலா எலும்பு போல நிற்கும் இரும்புச் சட்டங்கள். இரும்பு ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஒரு சட்டத்தை மூடாமல் விட்டால் அந்தக் கோட்டில் மட்டும் இரவெல்லாம் வியர்க்கும். ஆகவே சட்டங்களுக்கும் மெல்லிய ஃபோம், அதன்மேல் பிளைவுட். கதவுகளின் அடியில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடக் கூடாது. டப்பாவிலிருந்து பீய்ச்சி உப்பவைக்கும் ஃபோமை வண்டிக்குள் விடவே விடாதீர்கள். தகரத்தை நெளித்துவிடும், தண்ணீரையும் பிடித்துவைக்கும்.

நவம்பர் 16

சைக்கிள் அறை முடிந்தது. இந்த வண்டியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கட்டிலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே பிளைவுட் தளம், முன்பக்கம் பிளைவுட் தடுப்பு, விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. தரையில் இழுப்பறைத் தண்டவாளத்தில் ஓடும் தட்டு. பின்கதவைத் திறந்து இழுத்தால் இரண்டு சைக்கிளும் சேர்ந்து வெளியே வரும். சேற்றுத் தண்ணீர் தட்டின் ஓரத்தில் சேர்ந்து, தரையில் வைத்த குழாய் வழியே சாலைக்குப் போகும். இந்த அறைக்குத் தனிக் காற்றுவாய். சைக்கிளின் ஈரம் எங்கள் படுக்கையைத் தொடாமலே வெளியேற வேண்டும்.

கட்டிலின் அகலம் 1.35 மீட்டர், சைக்கிளுக்கு ஒன்றரை வேண்டும். மிச்சப் பதினைந்து செ.மீ.யை அறைக்குள் ஒரு பெட்டியாக நீட்டினோம். கட்டிலில் ஏற அதுவே படி.

பிடிப்பான்களை மர ஸ்க்ரூவில் நிறுத்தாமல், தட்டுக்கு அடியில் இரும்புப் பட்டையும் நட்டும் கொடுத்து இறுக்கியிருக்கிறது. தட்டுக்கும் தனித் தாழ்ப்பாள் உண்டு. அவசர பிரேக்கில் பதினைந்து கிலோ சைக்கிள் முன்னால் பறந்து வந்தால் முதலில் சந்திப்பது ஓட்டுபவரின் பிடரியை. இன்னொன்று: சக்கரம் கழற்றிய பிறகு பிரேக் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு செருகவேண்டும். இல்லாவிட்டால் யாராவது பிரேக்கைப் பிடித்ததும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், காலையில் டிஸ்க் உள்ளே போகாது.

நவம்பர் 24

ஹீட்டர். கேஸ் அடுப்பை எரித்தே சூடேற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்தி. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் பிறக்கிறது, அவ்வளவும் வண்டிக்குள். அதைவிட மோசமானது கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. அணைத்த கரியடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துவைத்துச் செத்தவர்கள் உண்டு.

டீசல் ஹீட்டர் வேறு ஜாதி. எரிவதற்கு வேண்டிய காற்றை வண்டிக்கு வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியிலேயே விடுகிறது. உள்ளே வருவது சூடான உலர்ந்த காற்று மட்டும். எபர்ஸ்பேச்சர், வெபாஸ்டோ என்ற ஜெர்மன் பெயர்கள் பழையவை, விலை உயர்ந்தவை. சீனத்திலிருந்து வருவதன் விலை அதில் சிறு பங்கு. பணம் போகட்டும் என்று பழைய பெயரையே வாங்கினோம். 2 கிலோவாட். குறைந்த வேகத்தில் மணிக்கு 0.1 லிட்டர் டீசல். இரவு முழுக்க ஒரு லிட்டர். புகைக்குழாய் தரைக் காற்றுவாய்க்கு எதிர்ப்பக்கம் போகிறது. எண்ணெய் பம்பு டக் டக்கென்று அடிக்கும்; ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டபின் பரவாயில்லை.

சூடான காற்றுக்குழாயைக் கவராக்கி, ஒரு கிளையைச் சைக்கிள் அறைக்குக் கொண்டுபோனோம், நடுவே மடிப்புக் கதவோடு. சாப்பிடும் நேரத்தில் அந்தப் பக்கம் திறந்தால் நனைந்த துணி காயும். தூங்கும்போது மூடிவிடலாம்.

தலைமாட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம். ஈஎன் 50291-2 என்று அச்சிட்டது, வண்டிகளுக்கும் படகுகளுக்குமானது.

டிசம்பர் 8

பேட்டரி, லித்தியம், 100 ஆம்பியர்-மணி. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாத வகை, எனவே சூடான பக்கம் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்ட பட்டைகள், அதன்மேல் வலை. முன்கண்ணாடிக்கு வெளியிலிருந்து மூடும் திரை வாங்கினோம். உள்ளே தொங்கும் திரை நமக்கு மறைப்புத் தரும், கண்ணாடி வியர்ப்பதைத் தடுக்காது.

டிசம்பர் 21, பீபிள்ஸ் அருகே

முகாம் தளத்தில் காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் யாரும் எந்த மலையிலும் நடக்கலாம், சைக்கிள் விடலாம், கூடாரம் போடலாம் என்கிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. இன்னொரு சட்டமும் உண்டு. வண்டி நின்றாலும், நாம் படுத்தே இருந்தாலும், குடித்த நிலையில் அதன் பொறுப்பில் இருப்பது குற்றமாகலாம். இவருடைய விஸ்கி வீட்டிலேயே இருந்துவிட்டது.

கிளென்ட்ரெஸ் காட்டில் பகல் முழுக்க ஓட்டம், பகல் முழுக்கத் தூறல். சைக்கிளில் ஒட்டிய சேறு கிலோக் கணக்கில். தட்டை இழுத்து, பூட்டி, தள்ளி, கதவைச் சாத்தி, முன்பக்கமாக ஏறினால் வேறு உலகம்: காய்ந்த பலகை, ரசம் கொதிக்கும் மணம். கொதிக்கும்போது விசிறி ஓடவேண்டும் என்பது என் கட்டளை. வெளியே 3 டிகிரி, உள்ளே 17, ஈரப்பதமானி காட்டியது 52.

ஜனவரி 11, பிரேமார்

பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 27.2 டிகிரி இந்த ஊரில் இரண்டு முறை வந்திருக்கிறது: 1895 பிப்ரவரியிலும் 1982 ஜனவரியிலும். அதனால்தான் இங்கே வந்தோம். எங்களுக்குக் கிடைத்தது மைனஸ் 9. டீசல் உறையுமோ என்று இவருக்குப் பயம். இங்கே குளிர்காலத்தில் விற்பது மைனஸ் 15 வரை வடிகட்டியை அடைக்காத வகை.

காலையில் பார்த்தேன். கூரைப் பலகை காய்ந்திருந்தது. மெத்தையைத் தூக்கித் தடவினேன், காய்ந்திருந்தது. பின்கதவுக் கீலின் அருகே, ஃபோம் எட்டாத ஓர் இரும்பு முனையில் மட்டும் உறைபனி. காலணி முழுக்கக் காய்ந்துவிட்டது. “ஏங்க, ராத்திரி விசிறியை நிறுத்தினீங்களா?” என்று கேட்டேன். “நிறுத்தினா நீ விடுவியா?” என்றார்.

ஜனவரி 26

பதிவுப் புத்தகத்தில் இதை முகாம் வண்டியாக மாற்றலாமா என்று விசாரித்தோம். முகாம் வண்டி நடுத்தடுப்பில்லாத சாலையில் 60 மைல் வேகம் போகலாம். சரக்கு வேனுக்கு 50தான். 2019இலிருந்து வாகனப் பதிவு அலுவலகம் உள்ளே கட்டில், அடுப்பு இருப்பதோடு விடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தாலும் முகாம் வண்டியாகத் தெரியவேண்டும் என்கிறது: பக்கவாட்டில் ஜன்னல்கள், வெளிப்பந்தல், அலங்காரக் கோடுகள்.

ஜன்னல் வெட்டினால் ஃபோம் ஒட்டிய சுவரில் குளிர்ந்த கண்ணாடி வரும், இரவில் வியர்க்கும். அலங்காரக் கோடு போட்டால் உள்ளே விலையுள்ள பொருள் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னதாகும். அழுக்கு வெள்ளை வேனைத் திருடன் திரும்பிப் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தை இவர் நிரப்பாமலே வைத்துவிட்டார். வண்டி காகிதத்தில் சரக்கு வேனாகவே இருக்கும்; நாங்கள் 50 மைலில் போவோம்.