வாப்பாவின் வலது கை

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவரை நலம் விசாரிக்க வருவோர் முதலில் கேட்பது, “கை அசைகிறதா?” என்பதே. தொட்டால் தெரிகிறதா என்று கேட்பவர் அரிது. எங்கள் வாப்பாவின் வலது கை மூன்றே மாதங்களில் அசையத் தொடங்கிவிட்டது. எனினும் அந்தக் கையால் நிம்மதியாக ஒரு கவளம் உண்ண அவர்களால் இயலவில்லை. சோற்றுக்குள் கிடக்கும் மீன்முள்ளை விரல்கள் அறியவில்லை. தொழுகைக்குப் பின் தஸ்பீஹ் எண்ணுகையில், கட்டைவிரல் எந்தக் கணுவில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியிருந்தது.

கையின் தோலும் நரம்புகளும் நலமாகவே இருந்தன. அவை அனுப்பும் செய்தியைப் பெற்றுப் பொருள்கொள்ளும் மூளைப் பகுதியே இரத்தவோட்டம் தடைபட்டுப் பழுதுற்றிருந்தது. இதை விளக்கிய இயன்முறை மருத்துவர், மின்தூண்டல் சிகிச்சையைப் பரிந்துரைத்தார். ‘கரண்டு’ என்ற சொல்லைக் கேட்டதுமே உம்மா அஞ்சிவிட்டார்கள். வந்ததோ உள்ளங்கையில் அடங்கும், பேட்டரியால் இயங்கும் ‘டென்ஸ்’ கருவி.

கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்வைச் சுமக்கும் நரம்பு மணிக்கட்டின் நடுவே செல்கிறது. அதன் மேல் ஒட்டுப்பட்டைகளைப் பதித்து மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்துவார்கள். நலமான கையில் அது எறும்பு ஊர்வது போலிருக்கும். நாங்கள் ஒவ்வொருவரும் வைத்துப் பார்த்தோம். இச்செய்தி ஓயாமல் சென்றுகொண்டிருந்தால், எஞ்சியுள்ள மூளைப் பகுதிகள் அதை ஏற்கப் பழகக்கூடும் என்பதே இதன் அடிப்படை. 2002இல் கான்ஃபோர்ட்டோ, கோஹன் முதலானோர் இந்த நரம்பை இரண்டு மணிநேரம் தூண்டியபோது, பக்கவாத நோயாளிகளின் விரல்கள் கிள்ளிப் பிடிக்கும் வலிமை கூடியதைக் கண்டனர். அது வலிமை பற்றிய செய்தி. உணர்வு மீள்வதைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை; உறுதியளித்து விற்பவர்களை நம்ப வேண்டாம்.

மரத்த கை “போதும்” என்று சொல்லாது. ஆகவே மின்னளவை மருத்துவரே அமைத்துத் தந்தார். பட்டையை எடுத்ததும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது.

“ஓதிப் பார்த்தால் போதாதா?” என்றார் உறவினர் ஒருவர். ஓதினோம், கருவியையும் வைத்தோம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு கூறிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர்க்கு இவ்விரண்டுக்குமிடையே பூசல் ஏது?

கருவியைவிட அதன்பின் வரும் பயிற்சியே எங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது. வாப்பா கண்களை மூடிக்கொள்வார்கள். பேரீச்சங்கொட்டை, நாணயம், சாவி, துண்டின் முனை என ஒவ்வொன்றாக விரலிடையில் வைப்போம். தவறாகச் சொன்னால், இடக்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் வலக்கையால் தொடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. வாப்பாவுக்கோ சில நாட்களில் கண் கலங்கிவிடும்.

இப்போது கொட்டையையும் நாணயத்தையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சாவியில் தடுமாற்றம் உண்டு. சூடு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அடுப்பங்கரைப் பக்கம் உம்மா அவர்களை விடுவதே இல்லை.