மணிக்கட்டு சொன்ன பாடம்

கணினி அறையில் நாள்தோறும் மவுஸைப் பிடித்துப் பிடித்து எங்கள் மணிக்கட்டுகள் வலித்தன. "ஐயோ, நோகுதே!" என்று அங்கலாய்த்தோம். தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடல் தோழி மட்டும் பேசவில்லை. ஒரு விடுமுறையில் அவள் இல்லம் சென்றோம். மடியில் சுளகுடன் அவள் அன்னை பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "ராத்திரி விரலெல்லாம் மரத்துப் போகுது மக்களே, உதறி உதறித்தான் உறங்கணும்" என்றார். நாங்கள் வாயடைத்து நின்றோம்.

உயிரியல் ஆசிரியையிடம் கேட்டோம். மணிக்கட்டின் குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றனவாம். ஓயாத வேலையால் அங்கு வீக்கம் கண்டால் நரம்பு நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும். மவுஸை அருகில் வைத்து, மணிக்கட்டை வளைக்காமல், முழங்கையிலிருந்து கையை அசைக்க வேண்டும். இடையிடையே கைக்கு ஓய்வு வேண்டும். இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை அணியலாம். மரமரப்பு நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

ஓய்வு எங்களுக்கு எளிது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு ஓய்வு என்றால் கூலிக் குறைவன்றோ!

எங்கள் சேமிப்பில் ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தோம். இரவில் அணிந்து ஓரளவு உறங்குகிறாராம். விடிந்ததும் கழற்றிவிட்டு மீண்டும் சுளகை எடுக்கிறார். அக்கைகளை நினைத்தே நாங்கள் இப்போது நிமிர்ந்து அமர்ந்து படிக்கிறோம்.