கத்தரிப்பூவும் கருவண்டும்

தேனீயைக் காப்போம் என்று பதிவு போடுகிறவர்கள் உடனே தேன்பெட்டி வாங்கச் சொல்லிவிடுகிறார்கள். மார்த்தாண்டத்து ரப்பர் தோட்டக்காரர்களுக்கு அது சரி. மொட்டைமாடியில் நாலு கத்தரிச்செடி வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு வேண்டியது வேறு.

கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் குழாய் மாதிரியான பைக்குள் அடைந்து கிடக்கும். பூவைக் கவ்விக்கொண்டு உடம்பையே அதிரவைத்தால்தான் பொலபொலவென்று கொட்டும். அந்த வித்தை பெட்டித் தேனீக்கு வராது. பட்ட மரத்தையும் மூங்கிலையும் குடையும் கருவண்டுக்கு வரும் (அதுவும் தேனீ இனம்தான்!). வயிற்றில் நீலவரி போட்ட, மண்ணில் வளை தோண்டும் சின்னத் தேனீக்கும் வரும். இவை நமக்குத் தேன் தருவதில்லை. அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. கருவண்டைக் கண்டால் பேட்டைத் தூக்குகிறோம். சீண்டாத வரை அது கொட்டாது, ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

தோட்டம் முழுக்க சிமென்ட் பூசாதீர்கள். காய்ந்த மூங்கில் ரெண்டைக் கிடக்க விடுங்கள். துளசியில் கொஞ்சமாவது பூக்கட்டும், நீலவரிக்காரிக்கு உயிர். மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், வேப்பெண்ணெயே ஆனாலும், பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்.