பகலில் சேர்த்துவைத்த வெளிச்சம்



சென்ற ஞாயிறு மாலை ஆராதனையின் நடுவே மின்சாரம் நின்றது. சில நிமிடங்களில் இன்வெர்ட்டரும் அணைந்தது. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் பல மாதங்களாக மறந்திருந்தவன் நானே. இருளில் நின்றபோது, அண்மையில் வாசித்த டோக்கெலாவு நினைவுக்கு வந்தது.

பசிபிக் பெருங்கடலில் நியூசிலாந்தின் ஆளுகைக்குட்பட்ட மூன்று பவளத்தீவுகள் அவை. சுமார் 1,500 பேர் வாழ்கிறார்கள். விமான நிலையம் கிடையாது. சமோவாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கும் மேலான பயணம். 2012 வரை அங்கே விளக்குகள் பெரும்பாலும் அக்கப்பல் சுமந்துவந்த டீசலினாலேயே எரிந்தன. வெயிலோ நாள்தோறும் தலைக்குமேல் பொழிந்துகொண்டிருந்தது!

அவ்வாண்டில் 4,032 சூரியத் தகடுகளும் 1,344 பாட்டரிகளும் நிறுவப்பட்டன. தகடுகளைவிடப் பாட்டரிகளே என்னைச் சிந்திக்கவைத்தன. பொழுது சாய்ந்தபின் தகடு வெறும் கண்ணாடி. இரவில் மருத்துவமனை விளக்கும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும், பகலில் பாட்டரி வாங்கிவைத்ததைக் கொண்டே இயங்கும். புத்தியுள்ள ஐந்து கன்னிகைகள் பாத்திரங்களில் எண்ணெய் கொண்டுபோனதும் இதற்காகவே அல்லவா?

ஆயினும், மின்சாரம் தாராளமானபின் அத்தீவுகளில் தேவையும் பெருகியது. டீசலை மீண்டும் நாடவேண்டியதாயிற்று. சேமிப்பு ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று.

இதை எழுதுகையில் என் மனம் குத்துண்டது. சென்ற மாதம் மரணப்படுக்கையிலிருந்த சகோதரர் ஒருவர் என் கையைப் பற்றி, "ஐயா, ஜெபியுங்கள்" என்றார். எனக்குச் சொற்கள் வரவில்லை. அதிகாலை ஜெபத்தை நான் விட்டுப் பல வாரங்களாகியிருந்தன. அவருடைய மனைவியே ஜெபித்தார்கள்.

திங்களன்று நானே கடைக்குச் சென்று பாட்டரித் தண்ணீர் வாங்கிவந்தேன். மறுநாள் நான்கரை மணிக்கு எழுந்தேன்.