வீரன் யாருக்குச் சொந்தம்?

வீரர் கதைகளைக் கேட்டு வளர்ந்தது நமது சமூகம். மதுரை வீரன் கதையும் காத்தவராயன் கதையும் நம் முன்னோருடன் கப்பலேறி இந்நாட்டிற்கு வந்தன. தோட்டத்து லயங்களின் முன்னே விடிய விடிய நடந்த கூத்துகளில் அக்கதைகள் எங்கும் ஒரே விதமாகச் சொல்லப்படவில்லை. கட்டியக்காரன் இடையே புகுந்து அவ்வூர்ச் சங்கதிகளைப் பேசுவான். கேட்போர் தம் குறை மேடையேறியது கண்டு கைகொட்டி நகைப்பர். கதை பழையது, குறை புதியது. இரண்டையும் இணைத்துக் காட்டுவதே கூத்தின் உயிர். இதனை எவரும் குற்றமெனக் கூறியதில்லை.

அவ்வாறிருக்க, நம் பிள்ளைகள் மேல்நாட்டுக் கார்ட்டூன் வீரன் ஒருவனை எடுத்துத் தம் மனத்திற்கேற்ப மாற்றி வரையப் புகுந்தால் மட்டும் பெரியோர் முகஞ்சுளிப்பானேன்? இவ்விஷயம் சிறியதெனச் சிலர் எண்ணலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் நாம் வசித்து வருகிறோம். நமது தங்கையின் மகன், 14 வயதுச் சிறுவன், 1941ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய சூப்பர்மேன் கார்ட்டூன் படங்களைக் கைத்தொலைபேசியில் கண்டு மயங்கி, அவ்வீரனைத் தானே மீண்டும் வரையத் தொடங்கினான். மூலக் கதையில் வேற்றுலகிலிருந்து குழந்தையைச் சுமந்துவரும் கலம் அமெரிக்க நாட்டின் வயல்வெளியில் இறங்குகிறது. இவன் வரைந்த கதையிலோ, பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டமொன்றில், விடியுமுன் மரம் சீவச் செல்லும் தம்பதியரின் முன்னே அது இறங்குகிறது. இதனைக் கண்ட உறவினர் மூன்று ஆட்சேபணைகளை எழுப்பினர். இது வீண் வேலை என்பது ஒன்று. அந்நியனுடைய கதை நமக்கெதற்கு என்பது மற்றொன்று. பிறர் படைப்பை எடுத்தாள்வது திருட்டாகாதா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, வீண் வேலை என்பது. திரையில் ஒரு வினாடி ஓடுவதற்கு 24 படங்கள் வேண்டும். ஒரு சித்திரத்தை இருமுறை படமெடுத்துக் கணக்கைப் பாதியாக்கினாலும், ஒரு நிமிடத்திற்கு 720 சித்திரங்கள் வரைந்தாக வேண்டும். இத்தனை பொறுமையை எந்தப் பள்ளிப் பாடம் ஒரு சிறுவனிடம் பெற்றுவிடும்? டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய ராப் பிராட் என்னும் சித்திரக்காரர், அப்பழைய கார்ட்டூன்களின்பால் கொண்ட பற்றினால், கையாலேயே வரைந்து, 2011இல் "சூப்பர்மேன் கிளாசிக்" என்னும் சிறு படமொன்றை வெளியிட்டார். கணிப்பொறியின் துணையால் எதனையும் விரைந்து செய்துவிடலாம் என்னும் காலத்தில், தொழிலறிந்த ஒருவர் ரசிகராக அமர்ந்து மீண்டும் பென்சிலைப் பிடித்தது கவனிக்கத்தக்கது. வரைபவன் உடலின் அசைவையும், துணியின் மடிப்பையும், ஒளி விழும் திசையையும் கூர்ந்து நோக்கப் பழகுகிறான். கூர்ந்து நோக்கும் பழக்கம் வீணாகாது.

இரண்டாவது ஆட்சேபணையே வலியது. "அவன் வெள்ளைக்காரர் வீரன், நமக்கு என்ன உறவு?" என்று கேட்டனர். இக்கேள்விக்கு விடை அவ்வீரனின் வரலாற்றிலேயே உள்ளது.

சூப்பர்மேனைப் படைத்தவர் இருவர். எழுதியவர் ஜெர்ரி சீகல். வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் பயின்றவர்கள். ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்களின் பிள்ளைகள். அவர்களும் முதலில் ரசிகர்களே. தாம் விரும்பிப் படித்த விஞ்ஞானக் கதைகளைப் போன்று தாமே எழுதிப் பிரதியெடுத்து, 1933இல் ஒரு சிறு கையேட்டுப் பத்திரிகையை நடத்தினர். 1938இல் அவர்களுடைய வீரன் அச்சில் வெளிவந்தான். அவ்வாண்டிலேயே வந்த ஒரு கதையில் அவன் சுரங்கத் தொழிலாளியாக வேடமிட்டு, பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியையும் அவருடைய விருந்தாளிகளையும் சுரங்கத்துள் அகப்படச் செய்கிறான். மண் சரிந்து மூச்சுத் திணறினால் எப்படியிருக்கும் என்பதை முதலாளி அறிந்துகொள்கிறார். கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனையோ ஈயக்குட்டைகள் இன்றும் உள்ளன. அவற்றைத் தோண்டியோர் சந்ததியில் வந்தவர்களுக்கு இக்கதை அந்நியமாகுமா?

மேலும், அவ்வீரன் ஒருவர் கையில் முழுமை பெற்றவனும் அல்லன். முதற் கதைகளில் அவன் பறக்கவில்லை. உயரத் தாவினான், அவ்வளவே. பிளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன் கூடத்தில் அவனை அசைத்துப் பார்த்தபோது, தாவித் தாவிச் செல்வது நகைப்பிற்கிடமாயிருந்தது; ஆகவே அவனைப் பறக்க வைத்தனர். அவனைத் தளரச் செய்யும் கிரிப்டோனைட் என்னும் கல் 1943இல் வானொலி நாடகத்தில் பிறந்தது. 1946இல் அதே வானொலி நாடகம், முகமூடியணிந்து நிறவெறி பரப்பிய கூட்டத்தாரை எதிர்த்து நீண்ட கதையொன்றை ஒலிபரப்பிற்று; அதில் அக்கூட்டத்தாரால் துன்புறுத்தப்படுவது ஒரு சீனக் குடும்பம். கைமாறிய ஒவ்வோரிடத்திலும் அவன் ஏதேனும் ஒன்றைப் பெற்றான். ஜெலாப்பாங்குச் சிறுவனும் ஒன்றைத் தந்தால் என்ன குறைந்துவிடும்?

மராட்டிய நாட்டின் மாலேகாவ் என்னும் ஊரில் நடந்ததையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அது விசைத்தறிகள் நிறைந்த ஊர். வெள்ளிக்கிழமை தறிகள் ஓய்ந்ததும் தொழிலாளர் திரையரங்கை நாடுவர். அங்கே சிறு வீடியோ கொட்டகை நடத்திவந்த ஷேக் நாசிர் என்பவர், தம் ஊர்க்காரர்களையே கொண்டு புகழ்பெற்ற படங்களை மறுபடி எடுக்கத் தொடங்கினார். மிதிவண்டியின்மீது காமிராவை வைத்து ஓட்டினார்; மாட்டுவண்டியின் நுகத்தைப் பாரந்தூக்கியாக்கி உயரத்திலிருந்து படம் பிடித்தார். பின்னர் அவர் "மாலேகாவ் சூப்பர்மேன்" எடுத்தார். அதில் வீரனாக நடித்தவர் ஷபீக் என்னும் மெலிந்த தறித் தொழிலாளி. அந்தச் சூப்பர்மேனுக்கு மூச்சிரைப்பு நோய் உண்டு. அவன் போராடியது வேற்றுலக அரக்கருடன் அன்று. ஊரைக் கெடுக்கும் அழுக்குடனும் புகையிலையுடனும் போராடினான். இம்முயற்சியைப் பைசா அகமது கான் என்னும் அம்மையார் 2008இல் ஆவணப்படமாக்கி உலகறியச் செய்தார். ஷபீக் 2011இல் வாய்ப் புற்றுநோயால் மறைந்தார். வேடிக்கைக்காக எடுத்த படத்தினுள் எத்தனை மெய் ஒளிந்திருந்தது என்பதை எண்ணுக. பஞ்சுத் தூசியைச் சுவாசிப்போர் ஊரில் வீரனுக்கும் நெஞ்சு இரைக்கும் என்று ஹாலிவுட்டார் ஒருபோதும் சிந்தித்திரார்; மாலேகாவ் ரசிகர் சிந்தித்தனர்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 1998இல் ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் தோன்றிய "கெலுவாங் மேன்" என்னும் கார்ட்டூன், வௌவால் வேடமணிந்த அமெரிக்க வீரனின் சாயலை நையாண்டியோடு நம் மண்ணிற்கு மாற்றியதாகும். அமெரிக்க வீரன் மாளிகைவாசி. இவனோ ஜொகூர் தம்போய் மனநல மருத்துவமனையின் நோயாளி. இரவில் வெளியேறி ஊரைக் காக்கிறான். ஈப்போ வட்டாரத்தில் ஒருவனை இழிவுபடுத்த வேண்டுமாயின் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று அங்குள்ள மனநல மருத்துவமனையைச் சுட்டி ஏசும் கெட்ட வழக்கம் நம்மிடையே உண்டு. ஏசப்படும் அவ்விடத்திலிருந்தே வீரன் ஒருவன் புறப்பட்டது, நூறு சொற்பொழிவுகள் செய்ய இயலாத காரியத்தைச் செய்தது. 2025இல் அவன் கதை நடிகர்களைக் கொண்ட திரைப்படமாகவும் வந்தது.

தமிழர்க்கு இவ்வழி புதியதுமன்று. புலவர் குழந்தை 1946இல் இயற்றிய இராவண காவியம், பழங்கதையைத் திருப்பிப் போட்டு, இராவணனையே தலைவனாக்கிற்று. 1948இல் சென்னை அரசாங்கம் அந்நூலைத் தடை செய்தது. 1971இல்தான் அத்தடை நீங்கிற்று. ஒரு கதையை மாற்றிச் சொல்வது வெறும் பொழுதுபோக்காயின், அரசாங்கம் அதற்கு அஞ்சியிருக்குமா?

மூன்றாவது ஆட்சேபணைக்கு வருவோம். திருட்டு என்ற சொல்லை நாமும் இலேசாகத் தள்ளவில்லை. ஆயினும் இதில் முதலில் இழந்தவர் யாவர்? சீகலும் ஷஸ்டரும் 1938இல் தம் வீரனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். அவ்வீரனால் பிறர் கோடிகள் ஈட்டினர். படைத்தவர் இருவரும் நெடுங்காலம் வறுமையுற்றனர். 1975இல், பத்திரிகைகளில் கண்டனம் எழுந்த பின்னரே, உரிமை பெற்ற நிறுவனம் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளமும், படைத்தோர் என்ற பெயர்க் குறிப்பும் அளிக்க இசைந்தது. பிளைஷர் கூடத்தின் சித்திரத் தொழிலாளரும் 1937இல், கூலி உயர்வு வேண்டி, நியூயார்க்கில் ஐந்து மாத காலம் வேலைநிறுத்தம் செய்தவர்களே. குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் உழைப்பதென்றால் என்னவென்று நம்மவர்க்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டத்தின் நிலையையும் கூறிவிடுவோம். 1941 முதல் 1943 வரை வெளிவந்த 17 சூப்பர்மேன் கார்ட்டூன்களின் பதிப்புரிமை அமெரிக்காவில் புதுப்பிக்கப்படாமையால், அவை அங்குப் பொதுவுடைமையாயின. ஆயின் வீரனின் உருவமும் பெயரும் அவ்வாறல்ல; 1938ஆம் ஆண்டு முதற் கதையின் உரிமை அந்நாட்டில் 2034ஆம் ஆண்டு பிறக்கும்போதே முடிவுறும். ஆகவே நாம் சிறுவனுக்குக் கூறிய நிபந்தனைகள் இரண்டு. தன் படத்தை விற்றுப் பணம் பண்ணலாகாது என்பது ஒன்று. முதற் பக்கத்தில் சீகல், ஷஸ்டர் இருவர் பெயரையும் எழுத வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிற்கும் அவன் உடனே இசைந்தான். 130 டாலர் கதையைக் கேட்டபோது அவன் முகம் வாடியதைக் கண்டோம். உழைத்தவன் பெயரை மறைப்பது அநீதி என்பதை அவன் அன்று கற்றான்.

நிற்க. அவன் நோட்டுப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. "மாமா, கலத்தில் வந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் யார் கொடுப்பார்கள்? பத்திரம் இல்லாமல் பள்ளியில் எப்படிச் சேர்ப்பார்கள்?" என்று கேட்டான்.

இக்கேள்வி அமெரிக்காவிலிருந்து வந்ததன்று. நம் தெருவிலிருந்து வந்தது. திருமணத்தைப் பதியாமல் வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைகள், தாய் அயல்நாட்டவராயிருப்பதால் குடியுரிமைச் சிக்கலில் வீழ்ந்த பிள்ளைகள், இரக்கத்தால் எடுத்து வளர்க்கப்பட்டு முறைப்படி தத்துப் பதிவு செய்யப்படாத பிள்ளைகள் நம் சமூகத்தில் இன்றும் உள்ளனர். 12 வயதில் தோழர்கள் மைகார்டு எடுக்கச் செல்லும் நாளில் இவர்கள் வீட்டில் இருப்பர். அரசாங்க மருத்துவமனையில் அயலார் கட்டணம் கேட்கப்படும். வேலை தேடும் வயதில் எல்லாக் கதவும் அடைபடும். அவர்கள் செய்த குற்றம் யாது?

சிறுவன் ஐந்தாம் பக்கத்தை வரைந்தான். மலையைப் பெயர்க்க வல்ல வீரன், கையில் எண் சீட்டுடன், பதிவு அலுவலகத்தின் நீண்ட வரிசையில் அமர்ந்திருக்கிறான். அருகே வளர்ப்புத் தாய், பால்மரக் கறை படிந்த கையில் பழைய காகித உறையுடன். மூல வீரனைத் தளரச் செய்தது வேற்றுலகக் கல். இவனைத் தளரச் செய்வது இல்லாத ஒரு காகிதம். வீண் வேலை என்ற உறவினர் அப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பின்னர், தாம் அறிந்த இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கதையை அந்நியமென்றவரும் அன்று பேச்சில் கலந்துகொண்டார்.

பெற்றோரே, பெரியோரே! உங்கள் பிள்ளை மேல்நாட்டு வீரனை வரைந்தால் கிழித்தெறியாதீர்கள். தாளும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் தோட்டத்தில் என்ன நடந்தது, லயத்தில் யார் எப்படி வாழ்ந்தார்கள், பெரட்டுக்களத்தில் என்ன பேசினார்கள் என்பவற்றை அவனுக்குச் சொல்லுங்கள். சொல்லாவிடில் அவன் வீரன் அமெரிக்கத் தெருவிலேயே பறந்துகொண்டிருப்பான். சொன்னால் நம் தெருவில் இறங்குவான். நம் சங்கங்களும் படிப்பகங்களும் ஆண்டுவிழாவில் பேச்சுப் போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணியை இத்தகைய சித்திரங்களுக்கு ஒதுக்கலாகாதா?

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. திருமணத்தையும் பிறப்பையும் தத்தெடுப்பையும் காலத்தில் பதிவு செய்யுங்கள். பதியாத அயலாரைக் கண்டால் உடன் அழைத்துச் செல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்க்கு நிரப்பிக் கொடுங்கள். அதற்கு வானில் பறக்கும் ஆற்றல் வேண்டியதில்லை. ஒரு நாள் வேலையைவிட்டு, வரிசையில் அவர்களோடு அமர்ந்திருக்கும் மனம் இருந்தால் போதும்.